ராக்கம்மாளின் நிறம்

...எல்லா முகமும் ஒரே ஆள் மாதிரி இருக்கிறது என்று எழுதிவிட்டாளே, அதெப்படி ஒரே ஆள், மீன்காரிக்கு மூக்குத்தி போட்டிருந்தேனே, டீச்சருக்குக் கண்ணாடி, கிழவிக்கு நரைமுடி, இதற்கு மேல் என்ன வித்தியாசம் காட்டுவதாம்... ஷாஹீதாவுக்குக் கோபமாக வந்தது, கோபத்துக்கு அடியில் பயம். சென்னைப் பதிப்பகம், சிறுவர் புத்தகம், வேலை கிடைத்தால் இருபத்து நான்கு பக்கமும் ஷாஹீதா வரைந்த படம், அட்டையில் அவள் பெயர். மூன்று மணிக்குள் இன்னொரு கிழவி முகம் அனுப்புங்கள், சரிவராவிட்டால் வேறு ஆளிடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று பதிப்பாசிரியர் மாதங்கி மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள். மணி ஒன்று. அவள் வேலை பார்க்கும் ஃபிளெக்ஸ் கடையின் முதலாளி ஜலீல் பாய் லுஹர் தொழுகைக்குப் போயிருந்தார், கோரிப்பாளையம் சிக்னலின் ஹாரன்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே எங்கோ தூரத்தில் கேட்டன, ஏசிக் குளிரில் உடம்பு பாதித் தூக்கத்தில் மிதக்க, கை மட்டும் மவுஸின் மேல் விழித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து ஸ்டூலில் விருமாண்டி. கீழக்குயில்குடிக்காரர். அம்மா ராக்கம்மாள் இறந்து நாளையோடு ஒரு வருஷம், நினைவஞ்சலி பேனர் வேண்டும். "இந்த ஒரு போட்டோதேன் தங்கச்சி இருக்கு. போனை எடுத்தாலே ஆத்தா மூஞ்சியத் திருப்பிக்கிரும்." வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, வாய் நிறையச் சிரிக்கிற கிழவி, பின்னால் சமணர் மலை, இரண்டு ஆடுகள். "கொஞ்சம் கலராக்கி விட்ருங்க, வயசையும் ஒரு பத்து கொறச்சு..." அவர் சொல்லி முடிப்பதற்குள் கை பாதி வேலையை முடித்திருந்தது, ஆறு வருஷப் பழக்கம், கண்ணோரச் சுருக்கம் போயிற்று, விழுந்த பல் முளைத்தது, முகம் வெளுத்தது, இனி கழுத்துக்குக் கீழே... அதற்கென்று 'உடம்பு' என்று ஒரு ஃபோல்டர், வெள்ளைச் சட்டை உடம்பு, கோட்டு உடம்பு, மெரூன் பட்டுச்சேலை உடம்பு. அந்த மெரூன் சேலையை நாற்பது பேருக்காவது உடுத்திவிட்டிருப்பாள். ஒரு தடவை இதே சிக்னலில் காதுகுத்து பேனரில் ஒரு அத்தையும் கண்ணீர் அஞ்சலி பேனரில் ஒரு அம்மாளும் எதிரெதிரே அதே சேலையில், அதே மடிப்பில் நிற்க, உயிரோடிருந்த அத்தை கடைக்கே வந்து கத்தியது கொஞ்சநஞ்சமா, பாய் டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்தார். சேலைக்குத்தான் சண்டை... முகத்தை யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, முகமும் ஒன்றாகத்தான் இருந்ததோ? தன்னைப் பெண் கேட்டு வந்த ஷாநவாஸ் வீட்டுக்கு அனுப்பிய போட்டோவையும் அவளேதான் கலராக்கிச் சரிசெய்தாள். ட்ரேயோடு ஹாலுக்குள் போனபோது, பின்னால் வேறு பெண் வருகிறாளா என்று ஷாநவாஸின் அம்மா எட்டிப் பார்த்தாளே... சிரித்துச் சமாளித்தாள், ஆனால் வலித்தது. இன்னும் வலிக்கிறது.

"ஏயப்பா... சினிமாக்காரி கெட்டா போங்க!" விருமாண்டிக்கு முகமெல்லாம் பூரிப்பு. பேனர் மிஷினுக்குள் ஓட ஆரம்பித்தது. அவர் எழுந்தார், உட்கார்ந்தார், தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, அந்தப் பழைய போட்டோவ அப்படியே சின்னதா ஒரு பிரிண்டு போட்டுத் தாங்களேன். சட்டைப்பையில வைக்கிற மாதிரி." இது பிடிக்கலையாண்ணே என்று கேட்டாள். "இது ஊருக்கும்மா. அதுல ஆத்தா யாரைப் பாத்துச் சிரிக்கிதுன்னு நெனைக்கிறீக? என்னையத்தேன்."

ஷாஹீதா பழைய போட்டோவை மறுபடியும் திரையில் திறந்தாள். பிறகு, "அண்ணே, ஆத்தாவ நான் வரஞ்சு பாக்கட்டுமா? ஒரு பிள்ளைக புத்தகத்துக்கு" என்றாள். அவர் வெட்கப்பட்டார். "ஆட்டையும் சேத்து வரைங்க, இல்லாட்டி கோவிச்சுக்கிரும்." மணி ஒன்றே முக்கால். வெள்ளைப் பக்கம். இடுக்கிய கண்ணை முதலில் போட்டாள், அதிலிருந்து ஒவ்வொரு கோடாகக் கிளம்பி காதுவரை ஓட... அழிக்கும் விசைக்கு விரல் தானாகப் போயிற்று, இழுத்துக்கொண்டாள், மறுபடியும் போயிற்று, மறுபடியும் இழுத்துக்கொண்டாள், பல் இல்லாத இடத்தை இல்லாமலே விட்டாள், கோடுகள் நடுங்காமல் வந்தன, மலை வந்தது, ஆடுகள் வந்தன, எவ்வளவு நாளாயிற்று இப்படிக் கை தன்போக்கில் போய், சந்தோஷமாக இருந்தது, அவ்வளவு சந்தோஷம். இனி நிறம்தான். முகத்துக்கென்று அவள் சேமித்து வைத்திருந்த கட்டங்களைத் திறந்தாள், பன்னிரண்டு கட்டம், சந்தனம், கோதுமை, ரோஜா, இன்னும் வெளிறிய சந்தனம்... ராக்கம்மாள் எதிலும் இல்லை. ஆறு வருஷத்தில் அந்தக் கறுப்பை ஒரு தடவைகூடத் தான் கலந்ததில்லையா? எதில் ஆரம்பிப்பது, சிவப்பு எவ்வளவு, நீலம் எவ்வளவு, போட்டோவில் பாதி முகம் வெயில், பாதி நிழல், ஒத்துப் பார்க்க வேறு எதுவும் இல்லையே என்று மேசையெல்லாம் தேடினாள். மவுஸின் மேல் அவளுடைய கை இருந்தது. மெதுவாக எடுத்து, திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.