நூற்றுப் பதினேழு, மனைவி மட்டும்

ஆயர் முறையாகத் தேர்வானவரில்லை என்று பாதிரியார் பீடத்தில் நின்றே போட்டுடைத்தார். ஆயர் அவரைப் பதவியிலிருந்து தூக்கினார். அவர் அசரவில்லை, பாதிச் சபையைக் கூட்டிக்கொண்டு ஒரு கார் ஷெட்டில் ஆராதனை நடத்தினார். மைக்செட்காரனுக்குக் கல்யாணம் நடந்தது அந்த ஷெட்டில்தான். அவன் அண்ணன் சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.

பாதிரியார் செத்ததும் ஷெட் கூட்டம் ஒவ்வொருவராகப் பழைய கோயிலுக்கே நழுவியது. முதல் ஆளாகப் போன அண்ணன் செயலாளராகிவிட்டான். ஆயர் நிபந்தனை போட்டார்: நீக்கப்பட்டவர் செய்துவைத்த கல்யாணம் கல்யாணமே இல்லை. பாவத்தில் வாழ்ந்தோம் என்று எழுதிக் கொடுக்காதவர்களின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது.

"ஒரு கையெழுத்துடா. பேப்பர் என்ன உன்னைக் கடிச்சிடுமா?" என்றான் அண்ணன்.

"அன்னைக்கு சாட்சி போட்டியே, கேக்குக்காகவா போட்ட?"

"அப்போ நெலமை வேற."

"உன் மூஞ்சி அதேதாண்ணே."

கைக்குழந்தையோடு நின்ற மனைவி அவனைவிடக் கொதித்தாள். "நாலு பேர் பார்க்க மோதிரம் போட்டீங்க. நான் என்ன ஓடியா வந்தேன்? எழுதினீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்." அந்த ஒரு பேச்சை நம்பித்தான் அவன் ஊரையே முறைத்துக்கொண்டு திரிந்தான்.

ஆனாலும் கோயில் மைக் வேலையை அவன் விடவில்லை. ஆம்ப்ளிஃபயருக்குக் கட்சி கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், "ஞானஸ்நானத் தொட்டிகிட்ட இன்னொரு மைக் வைடா" என்று அண்ணன் சொன்னான். வைத்தான். குழந்தைக்கு எதற்குப் புது வெள்ளைக் கவுன் என்று மனைவியிடம் கேட்கத் தோன்றவில்லை.

எழுதிக் கொடுத்தவர்களின் மன்னிப்புப் பட்டியலை அண்ணன் குடும்ப எண்களாக வாசித்தான். "நாற்பத்திரண்டு, கணவன் மனைவி. எழுபது, கணவன் மனைவி." மைக் லேசாகக் கீச்சிட்டது. மைக்செட்காரன் குமிழைத் திருகிச் சரிசெய்தான்.

"நூற்றுப் பதினேழு." அது அவன் குடும்ப எண். அண்ணன் காகிதத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மனைவி மட்டும்."

மூன்றாவது பெஞ்சிலிருந்து அவள் குழந்தையோடு எழுந்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"பிள்ளைக்குத் தகப்பன்?" என்றார் ஆயர்.

தொட்டி மைக் நல்ல மைக். அவள் எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது.

"இல்லீங்க ஐயா."

குமிழ் அவன் விரலுக்குள் இருந்தது. ஒரு திருகில் எல்லாம் ஊமையாகியிருக்கும். அவன் திருகவில்லை. தண்ணீர் பட்டுக் குழந்தை வீறிட்டதும் எட்டு ஸ்பீக்கரிலும் கேட்டது.

ஆராதனை முடிந்தபின் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "பிள்ளைக்காகத்தாங்க. வீட்டுக்குப் போயி பேசலாம்."

அவன் முழங்கையில் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"கடைசி பெஞ்சு வரைக்கும் தெளிவா கேட்டுச்சு" என்றான். "இன்னும் என்ன பேசணும்?"

அவள் குழந்தையை நீட்டினாள். ஒயர் பாக்கி இருந்தது. அவன் அதைச் சுற்றி முடிக்கவே பார்த்தான்.