ரஸ் வாங்கிய பவர் ஸ்ட்ரிப்

ஆம்ப்ளிஃபயருக்கு மலிவாக ஒரு பவர் ஸ்ட்ரிப், அதாவது பல பிளக் சொருகும் நீளமான பெட்டி, வாங்க ரஸ் வாரக்கணக்கில் இணையத்தில் தவம் கிடந்தான். பழையதில் வரும் கரண்டு அழுக்காம், அதனால் பாட்டும் அழுக்காம். கேட்டுக் கேட்டு அவன் மனைவி டெல்மாவுக்குக் காது புளித்துவிட்டது.

ஒருவழியாகப் புதியது வந்தது. "முதுகு வலிக்குது, நீயே மாட்டிடு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

மாலையில் இசைத்தட்டைச் சுழலவிட்டுக் கண்மூடிச் சாய்ந்தான்.

"கேட்டியா? சும்மா கண்ணாடி மாதிரி இருக்கு! அந்தப் பழைய சனியன் பாட்டையே கொன்னுடுச்சு. உனக்கெங்க புரியும், உனக்குத்தான் காதே கிடையாதே!"

டெல்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்குக் கண்ணு இருக்குல்ல, திறந்து பாரு. ஆம்ப்ளிஃபயர் அலமாரிக்குப் பின்னால தவழ்ந்து போய் யாரு மாட்டறது? உன் புது ஸ்ட்ரிப்புல கிறிஸ்துமஸ் மரத்து லைட்டைச் சொருகியிருக்கேன். உன் பாட்டு இன்னும் அந்தச் சனியன்லதான் ஓடுது!"