அறுபத்தெட்டு கிலோ பொம்மை

மூன்று மாத காலம், தினமும் காலை ஆறு மணிக்கு, என் மருமகள் என் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கி, ஏழாவது மாடி வராந்தாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். புகாராகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன். என் வயதில் இருக்கும் மற்றவர்கள் காலையில் பூங்காவில் போய்க் கையைத் தட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். நான் தினமும் ஒரு தடவை தீ விபத்திலிருந்து காப்பாற்றப்பட்டேன்.

முதல் நாள் எதிர்வீட்டு டெய்லரம்மா பால் எடுக்கக் கதவைத் திறந்தார். நான் கண்ணை மூடி, நாக்கைக் கொஞ்சம் வெளியே தள்ளி, தொழில் சுத்தமாகக் கிடந்தேன். டெய்லரம்மா போட்ட கூச்சலில் நாலு தெருவிலிருந்த காக்காய்களெல்லாம் ஊரைக் காலி செய்துகொண்டு போய்விட்டன.

"ஐயையோ, பெரியவருக்கு என்ன ஆச்சு!"

நான் ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். "ஒண்ணும் இல்லம்மா. செத்துட்டேன். பயிற்சிக்கு."

"பேசாதீங்க மாமா. மயக்கமா கிடக்கிற ஆளு பேசக்கூடாது" என்றாள் மருமகள், மூச்சு வாங்கிக்கொண்டே.

விஷயம் இதுதான். என் மருமகள் தீயணைப்பு வண்டியில் போகிறவள். ஆறு வருஷமாகத் தண்ணீர்க் குழாயின் முனையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நிற்கிறவள். பேத்தி பிறந்தாள். அவள் அழ ஆரம்பித்தால் தீயணைப்பு நிலையத்தில் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள் என்பதால் அவளுக்குச் சைரன் என்று பெயர் வைத்தேன். மூன்று மாதம் கழித்து டாக்டர் மருமகளைப் பரிசோதித்துவிட்டு, இனி உடற்பயிற்சி செய்யலாம், ஆனால் பால் கொடுக்கிற உடம்பு, பட்டினி மட்டும் கிடக்காதே என்றார். அதே வாரம் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. விடுப்பு முடிந்து வண்டியில் ஏற வேண்டுமானால் ஒரு தேர்வு. குழாய்ச் சுருளைத் தோளில் போட்டு ஐந்து மாடி ஏற வேண்டும். இறங்கி வந்ததும், எழுபது கிலோ பொம்மையை முப்பது மீட்டர் இழுக்க வேண்டும், அறுபது விநாடிக்குள். ஒரே ஒரு வாய்ப்பு. தவறினால் கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுக்கும் வேலை, நிரந்தரமாக.

நிலைய அதிகாரி நல்ல மனிதர். போன் செய்து, "அங்க நாற்காலி இருக்கும்மா, ஏசி இருக்கு, குழந்தைய நினைச்சுப் பாரு" என்றாராம்.

மருமகள் போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "போன்ல பேசறதுக்கும் கெட்டிக்காரங்க வேணும்தான் மாமா. ஆனா அது நான் இல்ல. மணி அடிச்சா வண்டியில ஏறணும். இல்லன்னா எனக்கு அது வேலையே இல்ல."

மாடி ஏறுவதற்கு எங்கள் கட்டடத்திலேயே படிகள் இருந்தன. சைரனை முன்னால் கட்டிக்கொண்டு, முதுகில் பையை மாட்டிக்கொண்டு, தினமும் ஏறி இறங்கினாள். முப்பத்தேழு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக உழைத்தவன் நான். ஓடுகிற லிஃப்டை விட்டுவிட்டு என் கண் முன்னாலேயே ஒருத்தி படியேறுவதைப் பார்க்க எனக்கு நெஞ்சு அடைத்தது. சரி, குடும்பத்துக்காகப் பொறுத்துக்கொண்டேன். பொம்மைக்குத்தான் வழியில்லை. நிலையத்துப் பொம்மையை வீட்டுக்குத் தரமாட்டார்கள். அப்போதுதான் அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாமா, உங்க எடை என்ன?"

"அறுபத்தெட்டு" என்றேன், யோசிக்காமல்.

இதில் பொய் கொஞ்சமும் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் குற்றம் என் தொழிலுடையது. லிஃப்டுக்குள் ஒரு பலகை இருக்குமே, எட்டு பேர், ஐந்நூற்று நாற்பத்து நாலு கிலோ என்று? வகுத்துப் பாருங்கள். எங்கள் கணக்கில் ஆள் என்றால் அறுபத்தெட்டு கிலோ. ஒல்லியானாலும் அறுபத்தெட்டு, ஒன்பது பிள்ளை பெற்றவர் போல வயிறு வைத்திருந்தாலும் அறுபத்தெட்டு. முப்பத்தேழு வருஷம் அந்தப் பலகையைத் துடைத்தவனுக்குத் தன் எடையும் அதுவாகத்தானே தோன்றும்? கடைசியாக எடைமேடையில் எப்போது ஏறினேன் என்பது எனக்கே நினைவில்லை.

"ரெண்டு கிலோதான் குறையுது" என்று சொல்லி, இரண்டு கிலோ மாவு பாக்கெட் ஒன்றை என் வயிற்றின் மேல் வைத்துக் கட்டினாள். பொம்மை தயார்.

இப்போது என் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் பேக்கரியில் மாஸ்டர். அன்றன்றைக்கு விற்காமல் நின்றது சாயங்காலம் பெட்டியில் வீட்டுக்கு வரும். கிரீம் கேக், பட்டர் பிஸ்கட், சாக்லேட் பன். அவன் தொடமாட்டான். நாளெல்லாம் அந்த வாசனையில் நிற்பவனுக்கு அதைக் கண்டாலே குமட்டும். முன்பெல்லாம் மருமகள்தான் ஒரு கை பார்ப்பாள்.

"இனிமே இது என் கண்ணுலயே படக்கூடாது" என்றாள் இப்போது. அவள் தட்டில் இரண்டு முட்டை, பருப்பு, ஒரு மலை உயரத்துக்குக் கீரை, பக்கத்தில் பழம். வயிறு நிறையச் சாப்பிட்டாள், ஆனால் அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்போ கொண்டு வரட்டுமா வேண்டாமா?" என்று மகன் கேட்டான்.

"பாவம், வீணாப் போகுமே" என்றேன் நான். "நான் எதுக்கு இருக்கேன்?"

அந்த வீட்டில் எத்தனை தியாகம் நடந்தது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அவள் ஒரு கேக்கை மறுக்கும்போதெல்லாம் அவளுடைய மன உறுதிக்கு மரியாதையாக நான் இரண்டு சாப்பிட்டேன். மூன்று மாதத்தில் ஒரு சிறிய மலைத்தொடர் அளவுக்குக் கிரீம் என் வழியாகப் போயிருக்கும்.

முப்பது மீட்டர் வராந்தாவைக் கடக்க ஆன நேரத்தை அவள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் எழுதினாள். முதல் நாள் எழுபத்தெட்டு விநாடி. மூன்றாவது வாரம் எழுபது. ஐந்தாவது வாரம் அறுபத்தாறு. நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். அதன் பிறகு எண் அசையவில்லை. பிறகு அசைந்தது, தப்பான பக்கம். அறுபத்தெட்டு. அறுபத்தொன்பது. எழுபத்தொன்று.

அதே காலத்தில் என் பேன்ட்டும் அசைந்தது. ஒருநாள் ரகசியமாக டெய்லரம்மாவிடம் கொண்டுபோனேன்.

"இடுப்புல கொஞ்சம் பிரிச்சு விடும்மா. துவைச்சதுல சுருங்கிடுச்சு."

அவர் பிரித்துவிட்டார். அடுத்த மாதம் மறுபடி போனேன்.

"ஐயா, இதுக்கு மேல பிரிக்கிறதுக்குத் துணி இல்ல. உங்க வீட்டுல எதைத்தான் போட்டுத் துவைக்கிறீங்க, இப்படிச் சுருங்குது?" என்றார். பிறகு ஊசியை என் பக்கம் நீட்டினார். "அந்தப் பொண்ணு காலைல உங்களை இழுக்கிறப்ப அது முகத்தைப் பார்த்தீங்களா?"

நான் எப்படிப் பார்ப்பது? கண்ணை மூடிக்கொண்டுதானே கிடக்கிறேன்? அப்படிச் சொல்லித்தான் என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் அன்றிலிருந்து சாக்லேட் பன் தொண்டையில் கொஞ்சம் சிக்கியது. இரண்டு சாப்பிட்ட இடத்தில் ஒன்றரை.

வேறு யாராக இருந்தாலும் "பொம்மை கனக்குதே" என்று ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பார்கள். அவள் சொல்லவில்லை. "எனக்குத் தெம்பு இல்ல மாமா" என்றாள். பிள்ளை பெற்ற உடம்பு, தூங்காத உடம்பு, எல்லாப் பழியையும் அதன் தலையிலேயே போட்டாள். எடைமேடையில் ஏறி அந்த எண்ணைப் பார்த்து மனசு உடையக்கூடாது என்று, தேர்வு முடியும்வரை அதன் பக்கமே போவதில்லை எனச் சபதம் வேறு எடுத்திருந்தாள்.

தேர்வுக்கு நாலு நாள் இருந்தது. மதியம் நான் கூடத்துக்கு வந்தபோது மேசையில் ஒரு படிவம். கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றம் கேட்கும் விண்ணப்பம். கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"மூணு மாசம் மாமா. ஒரு கேக் துண்டு வாயில வைக்கல. ஒரு நாள் விடல. அப்படியும் எழுபத்தொண்ணு." அவள் குரலில் அழுகைகூட இல்லை. "எல்லாரும் பார்க்கத் தோத்துட்டு வர்றதைவிட, நானே கேட்டு வாங்கிக்கிறேன். நாளைக்குக் கொண்டுபோய்க் குடுத்திடுவேன்."

எனக்கு வாய் அடைத்தது. நம்புங்கள், என் வாழ்க்கையில் அது இரண்டாவது தடவை. முதல் தடவை என் கல்யாணம்.

"சரி, அது கிடக்கட்டும்" என்று அவளே பேச்சை மாற்றினாள். "இன்னைக்கு ஒண்ணாந்தேதி. சைரனுக்கு எடை பார்க்கணும். அவர் வர லேட் ஆகும். நீங்க தூக்கிட்டு ஏறுங்க."

எங்கள் வீட்டு வழக்கம் அது. மாதா மாதம் மகன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எடைமேடையில் ஏறுவான், பிறகு தனியாக ஏறுவான், கழித்தால் குழந்தையின் எடை. அவனுக்குப் பதில் இன்று நான்.

"முழங்கால் வலிக்குதும்மா" என்றேன்.

"இது மாடி இல்ல மாமா. ரெண்டு விரக்கடை உயரம்."

ஏறினேன். சைரன் என் மூக்கைப் பிடித்து இழுத்தாள். மருமகள் குனிந்து எண்ணைப் பார்த்தாள்.

"தொண்ணூத்தொண்ணு புள்ளி ஒன்பது." உதட்டுக்குள் கழித்தாள். "நீங்க அறுபத்தெட்டு... அப்ப சைரன் இருபத்துமூணு புள்ளி ஒன்பது கிலோ?"

"வளர்ற குழந்தை இல்லையா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எடைமேடையைப் பார்த்தாள். "இது கெட்டுப்போச்சா மாமா? நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

அங்கேதான் என் விதி நின்றது. இந்த வீட்டில் இயந்திரம் கெட்டுவிட்டது என்று நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது. "ஆமாம்மா, ஸ்பிரிங் போச்சு" என்று ஒரு வார்த்தை. மானம் தப்பிக்கும், மாலைக் கேக்கும் தப்பிக்கும். ஆனால் மேசையில் அந்தப் படிவம் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அது கெடலம்மா" என்றேன். "நான்தான் கெட்டுட்டேன்."

குழந்தையை வாங்கிக்கொண்டாள். "தனியா ஏறுங்க."

எண்பத்து நாலரை.

கேக் பெட்டி, டெய்லரம்மா பிரித்த இடுப்பு, லிஃப்ட் பலகை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவள் நெருப்பாகப் பாய்வாள் என்று காத்திருந்தேன். அவளோ விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாவு பாக்கெட்டோட?"

"ஆமாம்மா. எண்பத்தாறரை."

"எண்பத்தாறரை கிலோவையா," என்று மெதுவாகச் சொன்னாள், "நான் எழுபத்தொரு செகண்டுல இழுத்தேன்?"

அவள் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி ஆடியது. சைரன் திடுக்கிட்டு, தானும் சிரிக்க ஆரம்பித்தாள். மருமகளின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, அதைத் துடைக்காமலே படிவத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

"படுங்க மாமா."

"இப்பவா? இப்பத்தானே சாப்பிட்டேன்..."

"இப்பவேதான். மாவையும் எடுத்துக்கோங்க."

அதே நான், அதே எண்பத்தாறரை, அதே வராந்தா. அறுபத்து மூன்று விநாடி! காலையிலிருந்து மதியத்துக்குள் உடம்பில் என்ன மாறியிருக்க முடியும்? டெய்லரம்மா வாசலில் நின்று விசில் அடித்தார். அவருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

மாலையில் மகன் விஷயத்தைக் கேட்டு, "நான் எழுபது கிலோதான், என்னை இழுத்துப் பார்க்கிறியா?" என்றான். "வேண்டாம், எனக்கு மாமாவே போதும்" என்று சொல்லிவிட்டாள். கேக் பெட்டி டெய்லரம்மா வீட்டுக்குப் போனது. எனக்குக் கீரை வந்தது.

தேர்வு நாளன்று நாங்கள் எல்லோரும் மைதானத்துக் கம்பி வேலிக்கு வெளியே நின்றோம். மகன் லீவு போட்டிருந்தான். டெய்லரம்மா கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். குழாய்ச் சுருளோடு ஐந்து மாடியை அவள் ஏறிய வேகத்தைப் பார்த்திருந்தால் எந்த லிஃப்டும் வெட்கப்பட்டிருக்கும். முப்பத்தேழு வருஷத்தில் முதல் தடவையாகப் படிக்கட்டுக்காகக் கை தட்டினேன்.

இறங்கி வந்தாள். தலையிலிருந்து வியர்வை ஒழுகியது. பொம்மைக்குப் பின்னால் குனிந்து அக்குளில் கை கொடுத்தாள். அதிகாரி விசில் ஊதினார்.

அவள் என்னைத் தூக்கும் பலத்தோடு அதைத் தூக்கினாள். பொம்மை மேலே எழும்பி அவள் முகவாயில் இடித்தது! ஒரு நொடி திகைத்தாள். பிறகு வேலிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அவ்வளவுதான், பொம்மையின் காலணி தரையில் பட்டதை நான் பார்க்கவில்லை. முப்பத்தெட்டு விநாடி.

அதிகாரி கடிகாரத்தை உதறினார், காதில் வைத்துப் பார்த்தார். "ஏய், பொம்மைக்குள்ள மணல் போட்டீங்களா, பஞ்சு போட்டீங்களா? எடை போடுங்கய்யா!"

போட்டார்கள். எழுபது. ஒரு குண்டுமணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"எங்கம்மா பயிற்சி எடுத்த?" என்று கேட்டார் அதிகாரி.

அவள் வேலியைக் காட்டினாள். "அதோ நிக்குது பாருங்க சார், எங்க வீட்டுப் பொம்மை."

அடுத்த திங்கட்கிழமை மணி அடித்தது, அவள் வண்டியில் ஏறினாள். எங்கள் தெரு வழியாகப் போகும்போது வண்டியும் சைரனும் போட்டி போட்டுக் கத்தின. சைரன்தான் ஜெயித்தாள்.

நான் இப்போது எழுபத்தொன்பது கிலோவுக்கு இறங்கிவிட்டேன். தினமும் கீரை, தினமும் படி, அதுவும் அவள் மேற்பார்வையில். ஆனால் இந்த உண்மை இந்தத் தாளோடு இருக்கட்டும். தெருவில் யாராவது, "உங்க மருமக எத்தனை கிலோ ஆளை இழுத்துப் பழகினா?" என்று கேட்டால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறேன்:

"நூத்தி இருபது. மாவு பாக்கெட் தனி."