அண்ணனின் தாடியும் அண்ணியின் வயிறும்

அண்ணி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் இரண்டு பேர் கர்ப்பமானார்கள். ஒருத்தி அண்ணி ரேணுகா. இன்னொருத்தன் என் அண்ணன் புருஷோத்தமன். அண்ணிக்கு வயிறு வளர்ந்தது. அண்ணனுக்குத் தாடி வளர்ந்தது.

பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் சவரம் செய்யக்கூடாது, முடி வெட்டக்கூடாது, பிணம் தூக்கக்கூடாது, மலை ஏறக்கூடாது என்று எங்கள் பக்கம் ஒரு பட்டியல் உண்டு. வேறு எதையும் மதிக்காத என் அண்ணன் இதை மட்டும் உயிராகப் பிடித்துக்கொண்டான். காரணம் எளிது. பட்டியலில் இருப்பதெல்லாம் செய்யக்கூடாதவை. எதையும் செய்யாமல் இருப்பதில் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே நல்ல பயிற்சி.

போகப் போகப் பட்டியலை அவனே நீட்டினான். தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது. துணி பிழியக்கூடாது. தேங்காய் உரித்துத் தரச் சொன்னால், "வீட்ல கர்ப்பம் இருக்குதும்மா, நான் கத்தியத் தொடலாமா?" என்று அம்மாவையே மிரட்டினான். அண்ணி கொல்லைப்புறத்தில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருப்பாள். இவன் வாசற்படியில் நின்று தாடியைச் சொறிவான்.

"எனக்கும் கஷ்டம்தான் ரேணு. உப்பளத்து வெயில்ல இது எப்டி அரிக்குதுன்னு உனக்கு இன்னா தெரியும்?"

"அப்ப மாத்திக்கலாமா மாமா? நான் தாடி வளக்கறேன்."

ஆனால் அண்ணிக்கு உள்ளுக்குள் பயம். அவளுடைய அக்கா எட்டாம் மாதத்தில் வலிப்பு வந்து செத்துப்போனவள். முந்தின நாள் முழுக்கத் தலைவலி என்றாளாம். எப்போது ஆரம்பித்தது, என்ன மாத்திரை சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டபோது, கூட வந்த ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லையாம்.

"நான் மயங்கி விழுந்தா நடந்தத சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும் மாமா. ஒரு வாட்டி செக்கப்புக்குக் கூட வா."

"அதான் தங்கச்சி வருதே?"

"உன் தங்கச்சி டாக்டரப் பாத்தா வாயத் தொறக்குமா? அது செவுத்துல சாஞ்சா செவுரு எது அது எதுன்னே தெரியாது."

என்னைப் பற்றிச் சொன்னது உண்மைதான். அதற்கும் அண்ணன் அசையவில்லை. ஆஸ்பத்திரி சாவு விழும் இடமாம், கர்ப்பக்காரியின் புருஷன் மிதிக்கக்கூடாதாம்.

மாதாமாதம் நானும் அண்ணியும்தான் பஸ் ஏறினோம். நர்ஸ் தனகோடி ஒவ்வொரு முறையும், "உன் வூட்டுக்காரன் எங்க?" என்பார். "தாடி வளக்கறாரு சிஸ்டர்" என்பாள் அண்ணி. ஏழாம் மாதம் பிரஷர் கொஞ்சம் ஏறியிருந்தது. நர்ஸம்மா அன்று சிரிக்கவில்லை. அண்ணிக்கு வீட்டில் என்னென்ன பயம் என்று கேட்டுக்கொண்டார். அப்படியே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராக உப்பளத்துக்கு வந்துவிட்டார். அண்ணியை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நானும் பின்னால் ஏறி வந்தேன்.

அண்ணனும் அவன் கூட்டாளி சகாயராஜும் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்பா புருஷோத்தமா, ஆஸ்பத்திரிக்கு வரமாட்டியாமே?"

"வரக்கூடாதுங்க. வீட்ல மாசமா இருக்குது. பெரியவங்க சொல்லியிருக்காங்க."

"தாடியப் பாத்தா இவனுக்குத்தான் இடுப்பு வலி வரும்போல இருக்குது சிஸ்டர்" என்றான் சகாயராஜ்.

நர்ஸம்மா திட்டுவதற்கு வாயைத் திறந்தார். அண்ணனின் தாடியைப் பார்த்தார். மூடிக்கொண்டார். பிறகு ரொம்ப மரியாதையான குரலில், "நீ செய்றது சரிதான். ஆனா உனக்குப் பாதி லிஸ்டுதான் சொல்லியிருக்காங்க" என்றார்.

அண்ணனின் முகம் மாறிவிட்டது. "மீதி இன்னாங்க?"

"ஏழாம் மாசத்துலேர்ந்து பொண்டாட்டிய செக்கப்புக்குத் தனியா அனுப்பக்கூடாது."

"அனுப்புனா?"

"பொறக்கற புள்ளைக்கு அப்பன் மூஞ்சி வந்துடும்."

சகாயராஜ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். "ஐயோ, பொட்டப்புள்ளையா இருந்தா இன்னா ஆவறது?"

அடுத்த திங்கட்கிழமை அண்ணன் பஸ்ஸில் அண்ணிக்கு சீட் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தாடியோடு நின்றுகொண்டு வந்தான். நர்ஸம்மாவின் பட்டியல் வாராவாரம் நீண்டது. பிரஷர் எவ்வளவு என்று மனப்பாடம் செய்யாமல் வீடு திரும்பக்கூடாது. மாத்திரை தீர்ந்தாலும் அட்டையைத் தூக்கிப் போடக்கூடாது. வீங்கிய காலோடு பெண்டாட்டி தண்ணீர் தூக்குவதைப் பார்த்துக்கொண்டு உட்காரக்கூடாது. தலைவலி என்றால் 'படுத்துக்கோ' என்று சொல்லக்கூடாது. எல்லாவற்றுக்கும் ஒரே தண்டனை, அந்த மூஞ்சிதான். கூடாது என்று முடிந்தால் போதும், என் அண்ணன் பக்தியோடு கேட்டுக்கொண்டான். தான் வேலை செய்துகொண்டிருக்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

ஒன்றுக்கு மட்டும் தகராறு செய்தான்.

"கண்ணுல மின்னுதுன்னு அவ சொன்னா, 'வெயிலு'ன்னு சொல்லக்கூடாது" என்றார் நர்ஸம்மா.

"அது எப்டிங்க? உப்பளத்துல எல்லாருக்கும்தான் மின்னும். வெள்ள வெளேர்னு உப்பப் பாத்துக்கினே இருந்தா பூச்சி பறக்கும். எனக்கும் தெனம் பறக்குது."

"உனக்குப் பறக்கட்டும். அவளுக்குப் பறக்கக்கூடாது."

ஒன்பதாம் மாதம் தொடங்கியது. ஒரு நாள் மத்தியானம் அண்ணன் சாப்பிட வந்தான். அண்ணி சுவரில் சாய்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"கண்ணுல பொட்டுப் பொட்டா மின்னுது அத்தை" என்றாள் அம்மாவிடம்.

"உப்பு அம்பாரத்தப் பாத்திருப்ப. எனக்கும் அப்டித்தான் ஆவும். செத்த நாழி படுத்துக்கோ."

அண்ணன் சோற்றில் வைத்த கையை எடுத்தான். எழுந்து வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தான். காலையிலிருந்து மேகம். உப்பளம் கழுவாத தட்டு மாதிரி மங்கிக் கிடந்தது.

"வெயிலே இல்லியேம்மா" என்றான். "இவளுக்கு எதப் பாத்து மின்னுது?"

எச்சில் கையோடு போனை எடுத்து நூற்றெட்டுக்கு அடித்தான். வண்டியில் போகும்போது அண்ணியிடம் கேட்டுக்கொண்டே வந்தான். தலைவலி எப்போதிலிருந்து? வயிறு வலிக்குதா? காலை மாத்திரை போட்டியா? அண்ணி ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாதி வழியில் பேச்சு குழறியது. அண்ணன் அவள் கையை விடவில்லை. தாடி மட்டும் நடுங்கியது.

பெரிய ஆஸ்பத்திரியில் அண்ணியைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். நானும் அம்மாவும் பின்னாலேயே போனோம். கம்பிக் கதவில் நின்றிருந்த காவல்கார அம்மாள் அண்ணனை மறித்தார்.

"ஆம்பளைங்க உள்ள வரக்கூடாது."

கூடாது என்று ஒருவர் சொல்லி என் அண்ணனுக்குக் கோபம் வந்தது அதுதான் முதல் தடவை.

ஒரு டாக்டரம்மா வேகமாக வந்தார். "ரேணுகா கூட வந்தது யாரு? தலைவலி எப்போ ஆரம்பிச்சுது? என்ன மாத்திரை எடுக்கறாங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். எனக்குப் பாதி தெரியும். ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அண்ணியின் அக்காவுக்கு நடந்தது இதுதானே என்று நினைத்ததும் இன்னும் இறுகிவிட்டது.

"டாக்டர்!" கம்பிக்கு வெளியிலிருந்து அண்ணன் கத்தினான். "தலைவலி காலையில ஒம்பது மணிக்கு. கண்ணுல மின்னுனது பன்னெண்டரைக்கு. போன திங்கக்கெழம நூத்தி முப்பத்தெட்டுக்குத் தொண்ணூறு. வியாழக்கெழம நூத்தி நாப்பத்தாறுக்குத் தொண்ணூத்தி நாலு. காலையில மாத்திரை போட்டா. வலிப்பு வரல. அவ அக்காவுக்கு வந்து செத்துப்போச்சு டாக்டர்." சட்டைப் பையிலிருந்து காலி அட்டைகளை அள்ளி, கம்பி வழியாகக் கையை நீட்டினான்.

"அவர உள்ள விடுங்க" என்றார் டாக்டரம்மா.

"ஆம்பளைங்க மேடம்..."

"பரவால்ல. வாய் இருக்கற ஒருத்தர் வேணும் எனக்கு."

வலிப்பு வருவதற்குள் ஊசி போட்டார்கள். அன்றைக்கே ஆபரேஷன். பெண் குழந்தை. மூன்றாம் நாள் அண்ணியின் பிரஷர் இறங்கியது. வார்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

குழந்தைக்கு மூக்கு, நெற்றி, மோவாய் எல்லாம் அச்சு அசல் அண்ணன். "நர்ஸம்மா சொன்ன அத்தனையும் செஞ்சேனே!" என்று அவன் நொந்துபோனான்.

"ஆறு மாசம் தனியா அனுப்புன இல்ல, அதுக்கு இது" என்றாள் அண்ணி.

சாயங்காலம் பார்வையாளர் நேரம் முடிந்ததும் காவல்கார அம்மாள் வந்தார். "எழுந்திருப்பா. ஆம்பளைங்க இருக்கக்கூடாது."

அண்ணன் எழுந்திருக்கவில்லை. "புள்ள பொறந்து பத்து நாளைக்கு அப்பன் வார்டை வுட்டு வெளிய போவக்கூடாதுங்க. எங்க ஊர்ல அப்டி."

"போனா?"

"புள்ளைக்கு உங்க மூஞ்சி வந்துடுங்க."

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, சிரிக்க வெக்காத. தையல் பிரிஞ்சிடும்."

காவல்கார அம்மாள் அவனை இழுத்தே வெளியேற்றியிருப்பார். ஆனால் அவன் மடியில் இருந்த குழந்தை தாடியைக் கொத்தாகப் பிடித்திருந்தது. விரலைப் பிரித்தால் வீறிடும் போலிருந்தது. "சரி, அது வுட்டதும் போயிடணும்" என்று முனகிவிட்டு நகர்ந்தார்.

உப்பும் வேர்வையும் படிந்த அந்தத் தாடி, வளர ஆரம்பித்த நாளிலிருந்து முதல் முறையாக ஒரு வேலை பார்த்தது.