மூன்றாவது வீட்டுக் குடித்தனம்

கோயில் பண்டாரம் விரல் மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, நாளை உச்சிப்பொழுதுக்கு மேல் அவிட்டம் பிறக்கிறது என்று சொன்னதும் இருளாயி மறுபடியும் எண்ணிப் பார்க்கச் சொன்னாள். அவிட்டம் தொடங்கி ரேவதி முடிய அடைப்பு. அந்த ஐந்து நட்சத்திரங்களில் உயிர் பிரிந்தால், பிரிந்த அறையை ஆறு மாதம் பூட்டிப் போட வேண்டும். சாயங்காலம் ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். பெரிய வீடு உள்ளவர்கள் இன்னொரு அறையில் படுத்துக்கொள்வார்கள். அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவள் எங்கே போவாள்? அவளுடைய மூன்றாவது வீட்டில் சன்னாசியின் மனைவி செல்லாயி இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டு கிடந்தாள்.

வீடு என்பது பேச்சுக்குத்தான். ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக நான்கு பலகை அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல், ஓர் அடுப்பு. கடைசி அறை இருளாயிக்கு, மற்ற மூன்றிலும் குடித்தனம். ஆனால் வீடு விடுவதில் அவளை மிஞ்ச ஈப்போவில் ஆளில்லை என்று பெயர். காது கழுத்தில் கொஞ்சம் சேர்த்து வைத்த பெண்கள் அவளிடம் யோசனை கேட்டு வருவார்கள். தனி ஆம்பிளைக்குக் கொடுக்காதே, ஒருத்தன் என்று வருவான், விடிந்து பார்த்தால் ஒரு கூட்டமே பாய் விரித்திருக்கும் என்பாள். மழைக்கு முந்தி நீயே கூரையில் ஏறிப் பார், ஒழுகுகிற வீட்டில் நின்று வாடகை கேட்க வாய் வராது என்பாள். யாராவது வீடு கேட்டு வந்தால், அவர்கள் இப்போது இருக்கும் இடத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பாள். சாம்பல் அள்ளாத அடுப்பைக் கண்டால் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிடுவாள். இத்தனை கெட்டிக்காரிக்கு, சாகக் கிடக்கிறவளை என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அடுத்த தெருவில் மாயாண்டியின் வாடகை வரிசை அவள் கண்ணெதிரே பாழாய்ப் போனது. அடைப்பில் ஒரு சாவு. பூட்டிய அறைக்குப் பக்கத்தில் பிள்ளைகுட்டியோடு எவள் படுப்பாள்? ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிவிட்டது. மாயாண்டி பலகைகளைப் பிடுங்கி விற்றுவிட்டு ரப்பர் தோட்டத்துக்கே திரும்பிப் போனான். தோட்டம் என்ற சொல்லே இருளாயிக்கு ஆகாது. தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அவளும் புருஷன் அர்ச்சுனனும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார்கள். காய்ச்சல் வந்து அவன் போனான். அவளும் காய்ச்சலில் கிடந்ததால் பேரை வெட்டிவிட்டார்கள். லயத்து வீடு வேலை செய்கிறவர்களுக்குத்தான் என்று கங்காணி சட்டிபானையை எடுத்து வெளியே வைத்தான். புருஷனுக்குக் காரியம்கூட முடியவில்லை. கொட்டுகிற மழையில் ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பிறகு ஈப்போவுக்கு வந்து, மாடு வைத்து, தெருத்தெருவாகப் பால் ஊற்றி எழுப்பிய வீடு இது. இனி எவனும் தன்னை வெளியே போ என்று சொல்ல முடியாது என்பதற்காகவே எழுப்பிய வீடு.

சன்னாசியும் செல்லாயியும் பெருவெள்ளத்துக்கு மறுவருஷம் குடிவந்தார்கள். அவனுக்கு ரயில் பாதையில் கட்டை மாற்றுகிற வேலை. வந்த அன்று செல்லாயி கிணற்றைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள். அதுவரை இருந்த தோட்டத்து லயத்தில் விடிவதற்குள் கங்காணி கதவை உதைக்கிற சத்தத்தில்தான் விழித்திருக்கிறாள். "உள்ளேருந்து நாமளே பூட்டிக்கலாமாக்கா?" என்று கேட்டுச் சிரித்தாள். இருளாயிக்கு அவளை அன்றே பிடித்துப்போயிற்று. இருமல் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பார்த்தார்கள். அங்கே கையை விரித்துவிட்டார்கள். என் வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று ஒரே பிடிவாதமாகத் திரும்பி வந்தாள் செல்லாயி. அவள் வீடு என்று சொன்னது இந்த அறையைத்தான்.

கோயிலிலிருந்து வந்த இருளாயி, வேலை முடிந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த சன்னாசியின் அருகே போய் நின்றாள்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்காத. நாளைக்கு மத்தியானத்துலேருந்து அடைப்பு. செல்லாயிப் புள்ளைய மாட்டுக் கொட்டாயிக்கு மாத்திருவோம். அஞ்சு நாளுதான்லா. முடிஞ்சதும் உள்ள கொண்டாந்துருவோம்."

சன்னாசி காலைக் கழுவிக்கொண்டே இருந்தான். கழுவ அதில் ஒன்றும் மிச்சமில்லை.

"அவ கேப்பாளேக்கா. என்னான்னு சொல்லுவேன்?"

"காத்தோட்டமா இருக்கும்னு சொல்லு."

சொல்லத் தேவை வரவில்லை. பலகைச் சுவரில் எந்தப் பேச்சு நிற்கும்? உள்ளேயிருந்து செல்லாயியின் குரல் வந்தது.

"நானே வாரேங்க்கா. யாரும் தூக்க வேணாம். ஒங்களுக்கும் தொல்ல, சூசா எதுவும் குடுக்கக் கூடாதுலா."

மறுநாள் காலையிலேயே இருளாயி மாடுகளை அவிழ்த்து ரம்புத்தான் மரத்தில் கட்டினாள். கொட்டகையைக் கழுவி மெழுகி, காற்று வரும் பக்கம் சாக்குத் திரை கட்டி, தன்னுடைய கட்டிலையே கொண்டுவந்து போட்டாள். செல்லாயி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். படியிறங்கும்போது கால் மடங்கியது. சன்னாசி தாங்கப் போனான், வேண்டாம் என்று தலையசைத்தாள். வெளியே வந்தபின் ஒரு தடவைகூட அறையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அழுதிருந்தால், ஏசியிருந்தால், இருளாயியும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பாள். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

அடைப்பு நாள்களில் இருளாயி கொட்டகையை விட்டு அதிகம் நகரவில்லை. பால் ஊற்றப் போனாலும் ஓட்டமாக வந்துவிடுவாள். கஞ்சியைத் துணியில் வடித்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தாள், முதுகைத் தடவிவிட்டாள், சிக்கெடுத்துத் தலை வாரினாள். மாரியம்மனை வேண்டிக்கொண்டே இருந்தாள். சாகக் கூடாது என்று வேண்டினாளா, ரேவதி முடிகிறவரை சாகக் கூடாது என்று வேண்டினாளா, அவளுக்கே தெரியவில்லை. மாட்டு ஈக்கள் செல்லாயியின் முகத்தில் வந்து உட்காரும்போதெல்லாம் கங்காணியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. நான் அவனைப் போலவா, கட்டில் கொடுத்தேனே, கஞ்சி கொடுத்தேனே என்று தனக்குள்ளேயே வாதாடிப் பார்த்தாள். வாதத்தில் ஜெயிக்க முடியவில்லை.

ரேவதி ஒரு காலைப் பொழுதில் முடிந்தது. பண்டாரத்திடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, வழியெல்லாம் சந்தோஷமாக ஓடிவந்தாள். மூன்றாவது வீட்டைத் தன் கையாலேயே கூட்டி மெழுகினாள், வாசலில் கோலம் போட்டாள். சன்னாசியையும் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

"எல்லாம் தீந்து போச்சு புள்ள. வா, ஒன் வீட்டுக்குப் போலாம்."

செல்லாயி கண்ணைத் திறந்தாள். பேச மூச்சுச் சேர்க்க வேண்டியிருந்தது.

"வேணாங்க்கா. இங்கயே இருக்கேன்."

"ஏம்மா, என்மேல கோவமா?"

"கோவம் என்னாக்கா? நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அடுத்த மாசமும் அவிட்டம் வரும்லா."

சன்னாசி முகத்தைத் திருப்பிக்கொண்டான். இருளாயி கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்த மாசத்தை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாவது சொல்லியிருக்கலாம். அது பொய் என்று மூன்று பேருக்குமே தெரியும்.

அடைப்புக் கழிந்த அந்த வாரத்திலேயே, மேயப் போன மாடுகள் திரும்புகிற நேரத்தில், செல்லாயி போய்விட்டாள். பண்டாரம் எண்ணிப் பார்த்து, ஒரு குறையும் இல்லாத நாள் என்றார். அதைக் கேட்டதும் இருளாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அர்ச்சுனனுக்குக்கூட அவள் அப்படி அழுததில்லை. காரியம் முடிந்ததும் சன்னாசி தன் அண்ணனோடு இருக்கிறேன் என்று லூமுட்டுக்குக் கிளம்பினான். போகும்போது, "வீட்டக் கூட்டி வச்சிருக்கேங்க்கா, வேற ஆளுக்கு விட்டுருங்க," என்றான். அவன் நல்லவன், மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் பத்துமலை என்ற ரயில்வேக்காரன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வீடு கேட்டு வந்தான். இருளாயி அவர்களுடைய அடுப்பைப் போய்ப் பார்த்திருக்கவில்லை. பார்க்கத் தோன்றவே இல்லை. சின்னப் பெண், நிறைமாதம், இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் நடந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, புருஷனைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்கக்கா. மொதப் புள்ள, பயமா இருக்கு. இந்த வீட்டுல யாரும் செத்துப் போவலியே?"

இருளாயி வெறும் அறையைப் பார்த்தாள்.

"இல்லம்மா," என்றாள். "இங்க நான் யாரையும் சாக விடல."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. மகராசி என்று சொல்லிக்கொண்டே, ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றோடு சிரமப்பட்டுக் குனிந்து இருளாயியின் காலைத் தொடப் பார்த்தாள். இருளாயி காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அந்தப் பெண் விடாமல் கையை நீட்ட, இருளாயி இன்னும் பின்னால் நகர்ந்து, படியிறங்கி, வெயில் கொளுத்துகிற முற்றத்துக்கே வந்துவிட்டாள்.