ராஜமகாலில் ஒரு மூச்சு

என் குரல் ஐந்து பேருக்குக் கேட்கும். ஆறாவது ஆள் "இன்னா?" என்பார். கல்லூரியில் வேதியியல் வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர் மூன்று முறை "சத்தமா, சத்தமா" என்று சொல்லிப் பார்த்தார். கடைசியில் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மதிப்பெண் நன்றாகவே போட்டார்.

இப்படிப்பட்ட நான் சுற்றுலா வழிகாட்டி வேலைக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான். ஆனால் அந்த வேலை எனக்கு வேண்டும். பழைய கட்டடம் எதைப் பார்த்தாலும், இதை எதைக் குழைத்துக் கட்டினார்கள் என்றுதான் முதலில் தோன்றும். அதைச் சொல்லிச் சம்பளமும் வாங்கலாம் என்றால், நான் வேறு எந்த வேலைக்குப் போவது?

திருப்பதி பஸ் நிலையத்துக்குப் பின்னால் பத்மினி மேடத்தின் டிராவல்ஸ் இருக்கிறது. மலையில் சாமி பார்த்துவிட்டு, ரயிலுக்கு நேரம் இருக்கிறவர்களை வேனில் ஏற்றிச் சந்திரகிரிக் கோட்டைக்குக் கூட்டிப் போவார்கள். வாசல் பலகையில் 'ராஜதானி தரிசனம்' என்று எழுதியிருக்கும். விஜயநகர அரசர்களுக்குக் கடைசிக் காலத்தில் தலைநகரமாக இருந்த ஊர் அது. ராஜமகால், அதற்குள் மியூசியம், பக்கத்தில் ராணிமகால்.

மேடம் கேள்வி கேட்டார். பதில் சொன்னேன். மேசைக்கு மேல் குனிந்து கேட்டுக்கொண்டார்.

"சப்ஜெக்ட் பாகுந்தி," என்றார். "வாய்ஸ்தாம்மா இல்ல. சரி, ஞாயித்துக்கிழமை உனக்குத் தெரிஞ்சவங்களையே ஒரு வேன்ல கூட்டினு வா. மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி நான் வந்து பார்ப்பேன். உன் ஆளுங்க மியூசியத்துக்குள்ள இருந்தா வேலை. மரத்தடியில உட்காந்துகினு இருந்தா இல்ல. அவ்ளோதான்."

எல்லா வழிகாட்டிகளுக்கும் இதே பரீட்சைதானாம். மரத்தடியில் உட்கார்ந்துவிட்ட கூட்டத்தை மறுபடி எழுப்ப முடியாது என்பது மேடத்தின் அனுபவம்.

தெரிந்தவர்கள் என்றால் எனக்கு விஜயபுரத்துப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள்தான். வேனுக்குக் காசு தர வேண்டாம் என்று என் அப்பா, நைனா, சொன்னதும் வேன் நிரம்பிவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். இவ்வளவு தூரம் வந்து சாமி பார்க்காமல் கோட்டை பார்க்க முடியாது. எனவே சனிக்கிழமையே மலையேறி, தரிசனம் முடித்து, ஞாயிறு காலை இறங்கி வந்தார்கள். வேனில் பாதித் தலைகள் மொட்டை. எல்லா மொட்டையிலும் சந்தனம்.

என் அம்மாவின் தம்பி கங்கையா மாமா மட்டும் முன் சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில். போன வருஷம் அவர் மலையில் ஒரு வாரம் வரிசையை ஒழுங்கு செய்கிற சேவை செய்தார். அப்போது போட்டுக்கொண்ட காவித் துண்டை இன்னும் கழற்றவில்லை.

"சந்திரகிரி ஒரு காலத்துல தலைநகரம்," என்று வேனில் ஆரம்பித்தேன்.

"இன்னா?" என்றார் மல்லிகா அத்தை. அவர் நைனாவின் அக்கா. ஆறாவது ஆளாக உட்கார்ந்திருந்தார்.

நைனா சத்தமாகத் திருப்பிச் சொன்னார்.

"நம்ம ஸ்டேட்டுக்கு எத்தினி தலைநகரம்டீ? பிரிஞ்சப்ப ஒண்ண உட்டுட்டு வந்தோம், ஒண்ணு கட்டிக்கினே கீறாங்க. இது வேறயா?"

"இது கட்டி முடிச்சதுக்கா," என்றார் நைனா. "அதான் பார்க்கப் போறோம்."

கோட்டை வாசலில் இறங்கியதும் எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். தேவையில்லை என்று சொன்னேன். முதல் ஐந்து பேருக்குக் கேட்டது. அவர்களும் கழற்றிவிட்டார்கள். வெயிலில் பாதை கொதித்தது. ராஜமகால் வரைக்கும் என் ஊரே ஒற்றைக்காலில் தாவிக்கொண்டு போனது.

உள்ளே நுழைந்ததும் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. யாரும் சொல்லாமலே ஒரே வரிசையாக நின்று, முன்னால் இருப்பவர் தோளில் கை வைத்துக்கொண்டார்கள். மாமா முதல் சிலைக்குப் பக்கத்தில் போய் நின்று துண்டைச் சரிசெய்தார்.

"ஜருகண்டி! ஜருகண்டி! நிக்காதீங்க, பின்னாடி ஜனம் கீது!"

பின்னால் யாரும் இல்லை. மியூசியக் காவலர் ஒருவர் மட்டும் நாற்காலியில் இருந்தார்.

"இந்தச் சிலை..." என்று தொடங்கினேன். மல்லிகா அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு கடந்து போனார். "இந்தக் கல்..." என்றேன். அம்மா கடந்து போனார். வாள்களுக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு கல் குண்டின் முன்னால் யாரோ காசு வைத்தார்கள். காவலர் எழுந்து வந்து காசை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். அதைப் பிரசாதம் மாதிரி கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்கள்.

நான் மூன்றாவது சிலையின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கீழ்த்தளம் காலியாகிவிட்டது. வெளியே வந்து பார்த்தால், எல்லாரும் வேப்பமரத்தடியில். மல்லிகா அத்தை காலை நீட்டிவிட்டார். அம்மா புளிசாத டப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"திவ்யமா ஆச்சு," என்றார் அத்தை. "தள்ளினாங்க. ஆனா நல்லா பார்த்தேன்."

"இன்னா பார்த்தீங்க அத்தை?"

"அதான், உள்ள இருந்தத."

அவர்களைக் குறை சொல்ல முடியாது. மலையில் ஒரு கணம் பார்ப்பதற்கு ஒரு நாள் நிற்பவர்கள். நின்று பார்க்கலாம், யாரும் தள்ள மாட்டார்கள் என்பதையே அவர்களால் நம்ப முடியவில்லை.

போன் அடித்தது. "பயல்தேரிட்டேன்மா, வந்துகினே இருக்கேன்," என்றார் பத்மினி மேடம். திருப்பதியிலிருந்து சந்திரகிரி ரொம்பத் தூரமில்லை.

"துன்னலாமா?" என்றார் அம்மா.

"மேல் மாடி பாக்கி இருக்கும்மா."

"மேலயும் இதேதான இருக்கும்," என்றார் அத்தை, கண்ணை மூடிக்கொண்டே.

படிக்கட்டு குறுகல். ஐந்தைந்து பேராகக் கூட்டிப் போனால் என் குரல் போதும் என்று காலையிலேயே நினைத்து வைத்திருந்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன். "மேல எல்லாரையும் ஒண்ணா உட முடியாது. வெயிட் பண்ணணும்."

அத்தை கண்ணைத் திறந்தார்.

"வெயிட்டிங்கா?"

"எவ்ளோ நேரம் ஆவுமாம்?" என்றார் நைனா.

"தெரியல," என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

அந்த ஒரு வார்த்தைதான். மரத்தடி மொத்தமும் எழுந்து நின்றது. அம்மா டப்பாவை மூடினார். இடத்தைப் பிடிக்க அத்தை ஓடினார். மாமா என் காதருகே வந்தார்.

"மலையில மாதிரி கம்பார்ட்மென்ட் போட்டு உடணுமா?"

"ஆமா மாமா. நீங்க படிக்கட்டுக்குக் கீழ நில்லுங்க. அஞ்சஞ்சு பேரா அனுப்புங்க. நான் சொன்னப்புறம்தான் அடுத்த அஞ்சு."

"தள்ளக் கூடாதா?"

"நிறுத்தணும்."

அவர் முகத்தில் ஒரு பொறுப்பு வந்தது. தள்ளுகிற வேலையைவிட நிறுத்துகிற வேலை பெரிது என்று அவருக்குத் தெரியும். மலையில் அதை அவருக்குக் கொடுக்கவில்லை.

காவலரிடம் போய்ச் சொன்னேன். நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டுக் கேட்டார். "அஞ்சஞ்சு பேரா? மஞ்சிதி," என்று தலையாட்டினார். "கை மட்டும் எதுமேலயும் வைக்க வேண்டாம்."

முதல் ஐவரைச் சீக்கிரம் விடக் கூடாது என்று கொஞ்சம் காக்க வைத்தேன். நைனா, அம்மா, மல்லிகா அத்தை, இரண்டு மொட்டைகள். மேலே வந்தபோது அவர்கள் வேறு மனிதர்களாக இருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்கள். காத்திருந்து வந்தவர்கள் சும்மா போவார்களா?

"இந்தக் கத்தியால கடலைச் செடிகூட அறுக்க முடியாது," என்றார் அம்மா.

"உன்ன யாரு கடலை அறுக்கச் சொன்னது? மனுசன அறுக்கறது அது," என்றார் அத்தை.

நான் சுவரைக் காட்டினேன். இந்த மகாலில் மரமே கிடையாது என்றேன். கல், செங்கல், சுண்ணாம்பு. ஐந்து பேரும் என்னைச் சுற்றி நெருங்கி வந்தார்கள். யாரும் "இன்னா?" என்று கேட்கவில்லை.

"சுண்ணாம்புக் கல்லைச் சுட்டா அதுல இருக்கற கார்பன் டை ஆக்சைடு போயிடும். தண்ணி ஊத்திக் குழைச்சுப் பூசினா, காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துகினு, திரும்பக் கல்லா ஆயிடும். செவுரு மூச்சு வாங்கற மாதிரி."

நைனா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது நாம உடற மூச்சுல கீறதுதான?"

"ஆமா நைனா."

"அப்ப ராஜா உட்ட மூச்சுகூட இந்தச் செவுத்துல சேர்ந்திருக்குமா?"

"கொஞ்சம் சேர்ந்திருக்கும்."

"நான் உட்டா?"

பழைய சுவர், இழுக்க வேண்டியதை எல்லாம் எப்போதோ இழுத்து முடித்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அதற்குள் நைனா சுவருக்கு அருகே போய், மார்பு நிறைய இழுத்து, "ஃபூ" என்று விட்டார். பிறகு அம்மா. பிறகு இரண்டு மொட்டைகள். அத்தை கடைசியாக, கண்ணை மூடி, மனதுக்குள் ஏதோ வேண்டிக்கொண்டு, நீளமாக ஒரு மூச்சு.

காவலர் படியேறி வந்து பார்த்தார். யோசித்தார். "கை வைக்கலையே, பர்வாலேது," என்று இறங்கிப் போனார்.

முதல் ஐவர் கீழே போய் என்ன சொன்னார்களோ, அடுத்த ஐவர் வந்ததும் "எந்தச் செவுரு?" என்றுதான் கேட்டார்கள். அதற்கு முன்னால் அங்கே வைத்திருக்கும் கோட்டையின் சிறிய மாதிரி வடிவத்தைப் பார்க்க வேண்டும், அதற்கு முன்னால் ஆயுதங்கள், என்று ஒழுங்கு வைத்தேன். சொன்னபடி கேட்டார்கள். மூச்சு கடைசியில்தான்.

நாலாவது கூட்டத்தில் எனக்குத் தெரியாத முகங்கள் இருந்தன. காணிப்பாக்கம் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வந்த சித்தூர்க் குடும்பம். அப்புறம் கல்லூரிப் பையன்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வரிசை ராஜமகாலை விட்டு வெளியே வந்து, புல்வெளியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"மேல இன்னாங்க கீது?" என்று கீழே ஒருவர் கேட்பது கேட்டது.

"தெரியாது. ஆனா வெயிட்டிங் கீது," என்றார் இன்னொருவர். கேட்டவர் சேர்ந்துகொண்டார்.

வரிசையில் வேறொருவர் தன் மச்சான் எம்எல்ஏவுக்கு வேண்டியவர் என்று சொல்லியிருக்கிறார். "இங்க எல்லாம் ஒண்ணுதான்," என்று மாமா நிறுத்திவிட்டார்.

பத்மினி மேடம் வந்ததை நான் பார்க்கவில்லை. பிறகு மாமா சொல்லித்தான் தெரியும். நேரே மரத்தடிக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு புளிசாத டப்பாவும் அதைச் சுற்றிவரும் ஒரு நாயும் மட்டும். மேலே பார்த்து முடித்த எங்கள் ஊர்க்காரர்கள் கீழ்த்தளச் சிலைகளை மறுபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அவசரமாக உள்ளே வந்து படியில் கால் வைத்திருக்கிறார்.

"லைன்ல வாம்மா," என்றிருக்கிறார் மாமா.

"நான் டிராவல்ஸ் ஓனர்."

"ஓனரா இருந்தா இன்னா? கைக்குழந்தை இருந்தா முன்னாடி உடறோம். கீதா?"

மேடத்திடம் கைக்குழந்தை இல்லை. வரிசையின் கடைசிக்குப் போய் நின்றிருக்கிறார்.

அவர் மேலே வந்தபோது முகம் வியர்த்திருந்தது. கூட நாலு பேர். பயத்தில் என் குரல் இன்னும் சிறியதானது. அவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள். கோட்டை, ஆயுதம், சுண்ணாம்பு. எத்தனையோ வருஷமாக இங்கே ஆள் அனுப்புகிற மேடம், அந்தச் சுவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். மற்ற நாலு பேரும் ஊதிவிட்டு நகர்ந்தார்கள். மேடம் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, சுவருக்கு முன்னால் போய் நின்று, "ஃபூ" என்றார்.

நின்றுகொண்டே இருந்தார். இன்னொரு முறை ஊதினார். தலையை நிமிர்த்தி மேற்கூரையைப் பார்த்தார். கீழே வரிசை முணுமுணுத்தது. யாரோ விசில் அடித்தார்கள். "இன்னாம்மா காஞ்சனா, அடுத்த அஞ்சு உடட்டுமா?" என்று மாமா கத்தினார். மேடம் மூன்றாவது மூச்சுக்கு மார்பை நிரப்பிக்கொண்டிருந்தார்.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

"மேடம், ஜருகண்டி!"

மரமில்லாத கட்டடம். சத்தம் நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. கீழே வரிசை மொத்தமும் அமைதியானது. அதற்குள் வேப்பமரத்தடிக்குத் திரும்பியிருந்த நைனா எழுந்து நின்றாராம்.

"வந்துகினே கீறாங்க!" என்று மாமா பதிலுக்குக் கத்தி, ஐந்து பேரை விட்டார்.

மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். இழுத்த மூச்சை மெதுவாக விட்டார்.

"ஏம்மா, இந்தக் குரல இத்தினி நாள் எங்க வெச்சிருந்த?"

நான் பதில் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை.

"சரி, சரி. நாளைக்குக் காலையில ஆபீசுக்கு வந்துடு," என்றார். அதற்குள் புதிய ஐவர் ஏறிவந்து, "எந்தச் செவுரு?" என்று அவரை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே வந்த மேடம் வேப்பமரத்தடியில் அம்மாவைக் கடந்தார். ஒரு நிமிடம் நின்றார். பிறகு தரிசனம் முடிந்தவர்கள் செய்வதுபோல, வலது கையை நீட்டினார்.

அம்மா ஒரு உருண்டை புளிசாதம் வைத்தார். மேடம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.