மலைவாசி (பெண், 6–8 வயது)

1

இது கதையாகப் பிறக்க வேண்டியதே இல்லை. வார இதழ் ஆசிரியர் ஒருவர் என்னிடம் கட்டுரைதான் கேட்டார். "குழந்தைகள் போடுற மாறுவேஷம் யார் மனசையாவது புண்படுத்துமா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க சார். வழவழன்னு மட்டும் வேண்டாம்."

வழவழ என் பிறவிக் குணம். 'ஆமாம்' என்று ஒரு பக்கம் எழுதிப் படித்தேன், சரியாகத்தான் இருந்தது. 'இல்லை' என்று ஒரு பக்கம் எழுதிப் படித்தேன், பாழாய்ப்போனது அதுவும் சரியாகவே இருந்தது. இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டுத் தங்கை மகளின் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன். அங்கே மாறுவேடப் போட்டி. அவள் மரம். மரத்துக்குச் சளி. கிளைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் மூக்கைத் துடைத்துவிடுவதும் மாமாவின் வேலை.

மேடையின் ஓரத்தில் நின்றபடி நான் பார்த்தது ஒரே ஒரு காட்சி. வாய் நிறையக் குண்டூசியோடு ஒரு பெண்மணி எங்கள் மரத்தின் பிய்ந்த பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு சின்னப் பெண் மேடையேறினாள். (என்ன வேஷம் என்பதை இப்போதே சொன்னால் கதை போயிற்று.) அரங்கம் வெடித்துச் சிரித்தது. குண்டூசிப் பெண்மணி மட்டும் அடித்து வைத்த ஆணி மாதிரி நின்றுவிட்டார்.

ஏன் நின்றார்? அதற்குப் பதிலாகத்தான் மீதியெல்லாம் வருகிறது. மீதி நான் தைத்தது. தையல் தெரிந்தால் பெரிய மனது பண்ணி மன்னித்துவிடுங்கள்.

2

முதல் தொடக்கம்: "அந்தக் கடையில் ராஜாவும் பிச்சைக்காரனும் ஒரே கொடியில் தொங்கினார்கள்." அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கினால் முடிவில் தத்துவம் சொல்லியே தீரவேண்டும்.

இரண்டாம் தொடக்கம்: "மழை விட்டும் தூவானம் விடாத ஒரு மாலையில், மாடிப்படியில்..." (மழையை வைத்து இன்னொரு கதையைத் தொடங்கினால் என் தங்கை என்னோடு பேசமாட்டாள்.)

மூன்றாவது நிற்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

தையலக்கா வாயிலிருந்து குண்டூசியை எடுப்பது மூன்றே காரியங்களுக்குத்தான்: டீ குடிக்க, சிரிக்க, சண்டை போட.* மற்றபடி பேச்செல்லாம் பல்லிடுக்கில். அளவெடுப்பதும் அதட்டுவதும் ஆள் பார்த்துக் குழைவதும் குண்டூசியோடுதான் நடக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கடை முழுக்கத் தேடுவாள். அவளுடையது குழந்தைகளுக்கு மாறுவேட உடுப்பு வாடகைக்கு விடும் கடை. ராஜா, போலீஸ், டாக்டர், புலி, சூரியகாந்தி, விண்வெளி வீரர் எல்லோரும் அங்கே ஹேங்கரில் இருந்தார்கள். ஒவ்வொரு உடுப்போடும் மேடையில் சொல்ல ஒரு வசனம் இலவசம். போலீஸுக்கு "நில்! அசையாதே!", சூரியகாந்திக்கு "என்னைப் பறிக்காதீர்கள்!" எல்லாம் அவள் சொந்தச் சரக்கு.

அதிகம் வாடகைக்குப் போனது மலைவாசி. பச்சைத் துணியில் இலைப் பாவாடை, பிளாஸ்டிக்கில் எலும்பு மாலை, தலைக்கு இறகு. வசனம்: "ஹோய் ஜிக்கா! ஜிக்கா ஜிக்கா ஹோய்!" எந்தக் குழந்தை சொன்னாலும் கைதட்டல் நிச்சயம்.

கடைக்கு மேல்வீட்டில் ஒரு நர்ஸும் அவள் மகளும் குடியிருந்தார்கள். வந்து அதிக நாள் ஆகவில்லை, அதற்குள் தையலக்காவுக்கும் நர்ஸுக்கும் அப்படி ஒட்டிக்கொண்டது. கணவர் வெளியூர் வேலைக்குப் போன பிறகு தையலக்கா பேசியதெல்லாம் வாடிக்கையாளர்களிடம்தான். வாடிக்கையாளரிடம் மனம்விட்டுப் பேச முடியுமா? நர்ஸ் வேலை முடிந்து வந்ததும் ஃபிளாஸ்க்கில் டீயோடு இறங்கிவருவாள். ஒரு டம்ளர் அவளுக்கு, ஒரு டம்ளர் அக்காவுக்கு. நாள் முழுக்கத் தையலக்கா காத்துக்கிடந்தது அந்த ஒரு டம்ளருக்காகத்தான். மகள் படிக்கட்டில் உட்கார்ந்து கடையை வேடிக்கை பார்ப்பாள். பள்ளியில் வாயைத் திறப்பதில்லை என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். தையலக்காவை அவள் 'பெரியம்மா' என்பாள்.

* வாயில் குண்டூசி வைக்காதீர்கள் என்று நர்ஸ் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். கதை வாசிக்கும் குழந்தைகள் இந்த இடத்தைத் தாண்டிப் போகவும்.

3

ஒரு மாலை. டீ ஓடிக்கொண்டிருக்கிறது. தெருவிலிருந்து ஒரு வாண்டு உள்ளே வந்து புலி வாலை இழுத்தான். "ஏய், தொடாத! கை அழுக்கு! கிழிஞ்சா யாரு பொறுப்பு?" என்றாள் தையலக்கா. வாண்டு ஓடிப்போனான். அடுத்த நிமிடம் வாசலில் கார் நின்றது. "வாங்க மேடம், வாங்க! பாப்பாவுக்கு இல்லாததா!"

கார் பாப்பாவுக்கு மலைவாசி பிடித்துப்போயிற்று. தையலக்கா டம்ளரை வைத்துவிட்டுக் காலைத் தூக்கித் தூக்கி ஆடி வசனம் சொல்லிக்கொடுத்தாள். கார் போயிற்று.

"அது என்ன பாஷைக்கா?" என்றாள் நர்ஸ்.

"மலை பாஷைதான்."

"எந்த மலை?"

"எல்லா மலைக்கும் அதான்னு வெச்சுக்கோயேன்!"

"அக்கா, நாங்க மலைதானே."

தையலக்காவுக்கு இது ஏனோ தோன்றவே இல்லை. மலைமேல் ஊரிலிருந்து வந்தவள் என்று தெரியும். ஆனால் கடையில் நர்ஸ் என்றால் வெள்ளை உடுப்பு, மலைவாசி என்றால் இலைப் பாவாடை. இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம் என்று எந்த ஹேங்கரும் அவளுக்குச் சொன்னதில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அய்யோ, அப்ப நிஜமா உங்க ஊர்ல என்னதான் உடுத்துவீங்க? சொல்லு, அப்படியே தெச்சுடறேன்."

"எங்கம்மாவா? நைட்டி. மேல ஒரு துண்டு."

"அப்பா?"

"பேண்ட் சட்டை. குளிருக்கு மங்கி குல்லா."

"சரி, கல்யாணம் காட்சின்னா?"

"மாப்பிள்ளைக்குக் கோட்டு. அதுவும் உங்கள மாதிரி ஒரு கடையில வாடகைக்குத்தான்!"

இருவரும் சிரித்தார்கள். தையலக்காவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

(இங்கேயே முடித்திருந்தால் ஆசிரியருக்கு 'இல்லை' என்று பதில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். படிக்கட்டில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுதித் தொலைத்துவிட்டேனே.)

"அம்மா," என்றாள் படிக்கட்டிலிருந்தவள், "ஸ்கூல்ல என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க."

"எப்படி?"

"ஜிக்கா. நான் பேச எழுந்தா எல்லாரும் ஹோய்னு கத்துவாங்க."

4

இங்கே நர்ஸ் என்ன செய்தாள்? எனக்கு அவளோடு பெரிய தகராறு.

முதல் பிரதியில் அவளைச் சிரிக்கவைத்தேன். 'குழந்தைகள்தானே' என்று மகளின் தலையை வருடியபடி, அழகாக. படித்துப் பார்த்தால் உதடு மட்டும்தான் சிரித்தது. இரண்டாம் பிரதியில் கோபப்படுத்தினேன். உடனே பொதுக்கூட்டத்தில் பேசுவதுபோல் நீள நீளமாகப் பேசத் தொடங்கிவிட்டாள். அது அவள் குரலில்லை, நான் மேஜைமேல் வைத்துவிட்டு வந்த 'ஆமாம்' பக்கத்தின் குரல். மூன்றாம் முறை அவளை ஒன்றும் செய்யச் சொல்லாமல் சும்மா விட்டேன்.

அவள் தையலக்காவைப் பார்த்தாள். அக்கா ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாள், அவ்வளவுதான்.

அக்கா வாயில் வந்ததைச் சொன்னாள்: "சின்னப் பிள்ளைங்க விளையாட்டுக்குச் சொல்றதும்மா. இதப் போய்ப் பெருசா எடுத்துக்கிட்டு."

"சரிக்கா," என்றாள் நர்ஸ். பாதி டீயோடு டம்ளரை எடுத்துக்கொண்டு மகளோடு மேலே போனாள். மறுநாள் ஃபிளாஸ்க் இறங்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

5

தையலக்காவுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? ராஜா வேஷம் போட்டா ராஜா வந்து சண்டைக்கு நிக்கிறாரா? புலி கோவிச்சுக்குதா? என்று துணியை வெட்டிக்கொண்டே கத்தரிக்கோலோடு வாதாடினாள்.

(நான் இந்த இடத்தில் அவள் காதில் ஒன்று சொல்ல ஆசைப்பட்டேன். ராஜா திங்கட்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வந்து அதே வகுப்பில் உட்காரப்போவதில்லை, அக்கா. அந்தப் பெண் உட்கார்ந்தாக வேண்டும். அதே சமயம், அவரவர் அவரவராக மட்டும்தான் வேஷம் போடலாம் என்றால் அதற்குப் பெயர் வேஷமா? வீட்டு உடுப்போடு போய் நின்றுவிட்டு வரலாமே. இன்னொருத்தராக நின்று பார்க்கும் ஆசை இல்லாவிட்டால் என் பிழைப்பே நடக்காது. இதோ, ஊசி கோர்க்கத் தெரியாத நான் ஒரு தையல்காரியின் மனசுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறேன். யாரைக் கேட்டுப் புகுந்தேன்? என்னைப் படிக்கட்டிலிருந்து பார்க்க ஆளில்லை என்ற தைரியம்தான்.)

மலைவாசியைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். "அந்த ஜிக்கா டிரஸ் இல்லையா?" என்று கேட்ட ஓர் அப்பாவிடம் "கிழிஞ்சு போச்சு சார்" என்று பொய் சொன்னாள். தப்பு என்று ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை, மாட்டிவைக்கக் கையும் வரவில்லை. மேலேபோய் ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்று தினமும் படிக்கட்டு வரை போனாள். அங்கிருந்து திரும்பிவந்து டீயைக் கடையில் வாங்கிக் குடித்தாள். அது டீயா? வெந்நீர்.

போட்டிக்கு முன்தினம் சின்னவள் மட்டும் இறங்கிவந்தாள்.

"பெரியம்மா, உங்க இஞ்ச் டேப்பு வேணும். பழைய கண்ணாடி இருந்தா அதுவும்."

பெரியம்மா! அந்த ஒரு சொல்லுக்குக் கடையையே எழுதிக் கொடுத்திருப்பாள்.

"எதுக்குடா கண்ணு?"

"போட்டிக்கு."

"என்ன வேஷம்?"

"சொல்ல மாட்டேன்."

டேப்பு, கண்ணாடி, கேட்காமலே ஒரு பழைய ஏப்ரன், எல்லாம் எடுத்துக் கொடுத்தாள். டாக்டராக இருக்கும், டீச்சராக இருக்கும் என்று அன்று முழுக்க மனசுக்குள் தைத்துத் தைத்துப் பார்த்தாள்.

6

இனி நான் கண்ணால் பார்த்தது.

மேடையோரம் எங்கள் மரம் தும்மிக்கொண்டிருந்தது. வாய் நிறையக் குண்டூசியோடு தையலக்கா பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சின்னப் பெண் மேடையேறினாள். கழுத்தில் இஞ்ச் டேப்பு, தரையைத் தொடும் ஏப்ரன், நெற்றியில் கண்ணாடி. வாயில் குண்டூசிக்குப் பதிலாக உடைத்த விளக்குமாற்றுக் குச்சிகள்.

முதலில் கண்ணாடியைத் தேடினாள். மைக்குக்குக் கீழே தேடினாள், ஏப்ரனுக்குள் தேடினாள். அதற்கே முன்வரிசை சிரிக்கத் தொடங்கிவிட்டது. பிறகு ஒரு பக்கம் திரும்பி இடுப்பை வளைத்து, பல்லிடுக்கில், "வாங்க மேடம், வாங்க! பாப்பாவுக்கு இல்லாததா!" மறுபக்கம் திரும்பினாள். "ஏய், தொடாத! கை அழுக்கு! கிழிஞ்சா யாரு பொறுப்பு?"

கூரை பிய்ந்தது. அங்கிருந்த அத்தனை பேரும் அந்தக் கடைக்குக் காரிலோ நடந்தோ போனவர்கள்தான். (மூன்றாம் பகுதியைத் திருப்பிப் பாருங்கள். அந்த இரண்டு குரலும் அங்கேயே இருக்கின்றன. எழுதிய நானே கவனிக்கவில்லை.)

குழந்தை குச்சிகளைக் கையில் எடுத்துக்கொண்டு பெரிதாக வணங்கினாள். "நான்தான் தையலக்கா. வசனம் இலவசம்!" பள்ளியில் வாயே திறக்காதவள் என்று சொன்னேனே, அவள்தான். யாரும் ஹோய் என்று கத்தவில்லை.

பழிவாங்கினாளா? அப்படித்தான் எழுதிவைத்திருந்தேன். எங்கள் மரம் ஒத்துக்கொள்ளவில்லை. "இல்ல மாமா, அவளுக்கு அந்த ஆன்ட்டிய ரொம்பப் பிடிக்கும்." மரத்துக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், ஒரே வகுப்பு.

ஜிக்கா ஒரு பொய். எந்த மலையிலும் இல்லாதது. இது அச்சு அசல். இரண்டில் எது அதிகம் வலிக்கும்? ஆசிரியர் கேட்டது சுலபமான கேள்வி, அதற்கே எனக்குப் பதில் தெரியவில்லை.

முன்வரிசையில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. மடியில் ஃபிளாஸ்க்கை அணைத்துப் பிடித்துக்கொண்டு மேடையோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு டீ குடிக்கும்போது காத்திருந்த அதே பார்வை.

"ஆன்ட்டி," என்றது மரம், "அது நீங்கதானே?"

தையலக்கா குண்டூசிகளை வாயிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள்.

7

முடிவுகள். ஒன்று: தையலக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், மேடையேறிக் குழந்தையைத் தூக்குகிறாள். ஆசிரியருக்கு இது பிடிக்கும். ஆனால் நர்ஸைச் சிரிக்கச் சொல்லி வற்புறுத்தித் தோற்றவன் நான். இவளை மட்டும் எந்த முகத்தோடு சிரிக்கச் சொல்வேன்? இரண்டு: விறுவிறுவென்று போய் டேப்பைப் பிடுங்கி, "என் சோத்துல கை வெச்சு என்னையே..." வேண்டாம், எழுதக் கை வரவில்லை. மூன்று: ஃபிளாஸ்க். அது வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. அதனாலேயே அதை நம்பப் பயமாக இருக்கிறது.

உண்மையில் என்ன நடந்தது என்கிறீர்களா? அந்த நேரம் பார்த்து மரத்துக்கு மூக்கு ஒழுகிற்று. கைக்குட்டையோடு குனிந்தேன். "இதக் கொஞ்சம் பிடிங்க தம்பி" என்று ஒரு குரல். நீட்டிய கையில் குண்டூசிகள் விழுந்தன. நிமிர்ந்தபோது எனக்குத் தெரிந்தது அவள் முதுகுதான். மேடையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே குழந்தை நின்றது. அதைத் தாண்டி, முன்வரிசையில், ஃபிளாஸ்க்கின் மூடி திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று எட்டிப் பார்ப்பதற்குள் மரம் மறுபடி தும்மி என்மேலேயே சாய்ந்துவிட்டது.

டீயா, சிரிப்பா, சண்டையா, எனக்குத் தெரியாது. குண்டூசிகள் மட்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. திருப்பிக் கொடுக்க வேண்டும். அவளை இத்தனை பக்கம் உடுத்திக்கொண்டு நடந்த எனக்கு அந்தக் கடைப்படி ஏறக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்களேன். உள்ளே எத்தனை டம்ளர் இருக்கிறது என்று அப்படியே பார்த்துவிட்டு வாருங்கள்.

கையை நீட்டுங்கள். பார்த்து வாங்குங்கள், குத்தும்.